ஐந்து ஸ்டேஜும் ஜெயபுரத்து மதகும்

போன மாதம் ஓய்வூதியப் பத்திரம் ஒன்றில் ஒப்பம் வாங்குவதற்காகக் கிளிநொச்சியில் நான் வேலை செய்த கந்தோருக்குப் போயிருந்தேன். என் மேசையில் இப்போது கணினி இருக்கிறது. காலாண்டு முன்னேற்ற அறிக்கையை இனி ஒருவரும் எழுதுவதில்லையாம். வேலையின் பெயருக்கு நேரே உள்ள பெட்டியை அமத்தினால் ஐந்து ஆங்கிலத் தொடர்கள் வரிசையாகக் கீழே இறங்குகின்றன. ஒன்றைத் தெரிவுசெய்தால் போதும். பிறிலிமினறி ஸ்டேஜ், இனிஷியல் ஸ்டேஜ், இன்ரமீடியற் ஸ்டேஜ், அட்வான்ஸ்ட் ஸ்டேஜ், பைனல் ஸ்டேஜ். தமிழில் சொன்னால் ஆயத்தம், ஆரம்பம், இடைநடு, முன்னேறியது, இறுதி. ஒரு வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை அறிய அரசாங்கத்துக்கு இந்த ஐந்தும் போதும்.

"இது கொழும்பில இருந்து வந்த பட்டியல், மிஸ். எங்களால மாத்தேலாது" என்றார் இப்போது அந்தக் கதிரையில் இருக்கும் பிள்ளை.

"அப்பிடியோ" என்று சொல்லிவிட்டு ஒப்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பட்டியல் கொழும்பிலிருந்து வரவில்லை. பக்கத்து அறையில், ஒரு மனிதருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே, ஒரு மட்டையில் இருந்தது. அதை மட்டையிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து கொழும்புக்கும் கொண்டுபோனவள் நான். அங்கே வைத்து அதைச் சொல்லியிருந்தால் தேத்தண்ணி தந்து இருத்திவைத்து முழுக்கதையும் கேட்டிருப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது குளம், வாய்க்கால், மதகு என்று தண்ணீரோடு சம்பந்தப்பட்ட சில்லறை வேலைகளைப் பார்க்கும் கந்தோர். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். நான் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி எடுத்திருந்ததுதான் என் தகுதி. பயிற்சிக் காலம் முழுவதும் இடப்பெயர்வில் போனது. கந்தோர் ஐந்து தடவை இடம் மாறியது. தட்டச்சு இயந்திரம் ஐந்து தடவையும் எங்களோடு வந்தது. கோப்புகள் இரண்டாவது தடவையோடு நின்றுவிட்டன. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு தகரக் கூரையின் கீழ் மறுபடி கந்தோர் திறந்தபோது, என் ஆங்கிலம் மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அதை ஒருவரும் பாவிக்கவில்லை.

அப்போதுதான் அருளானந்தம் சேர் எங்களுக்குப் பொறியியலாளராக வந்தார். ஒல்லியான மனிதர். காலை எட்டு இருபதுக்கு வருவார். கதிரையில் போட்டு இருக்கத் தன்னுடைய சிறிய மெத்தையைப் பையில் கொண்டுவந்து, போகும்போது திரும்பக் கொண்டுபோவார். யாரையும் ஏசிய நினைவு எனக்கு இல்லை. அறிக்கையைக் கொடுத்தால் கோடு போடும் அடிமட்டத்தை எடுத்து முதல் வரிக்குக் கீழே வைப்பார். வாசிப்பார். அடிமட்டத்தை ஒரு வரி கீழே இறக்குவார். பிழை கண்டால் பென்சிலால் ஒரு சிறிய புள்ளி. திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்த பிறகு அந்தப் புள்ளியையும் அழித்துவிடுவார். அவருடைய கையெழுத்தில் ஒப்பத்தைத் தவிர வேறொன்றும் எந்தக் கோப்பிலும் கிடையாது. கவனமான மனிதர்.

அறிக்கைகள் கொழும்புக்கு ஆங்கிலத்தில் போகவேண்டும். முதல் அறிக்கையில் ஒரு வாய்க்கால் வேலை நல்ல ஸ்டேஜுக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். புள்ளி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஸ்டேஜுக்கு வாறதுமில்லை, போறதுமில்லை. ரீச் பண்ணலாம். என்ரர் பண்ணலாம். பாஸ் பண்ணலாம். வெள்ளைக்காரன் அப்பிடித்தான் சோடி சேத்து வைச்சிருக்கிறான். நல்ல ஸ்டேஜ் எண்டும் ஒண்டு இல்லை."

அன்றைக்குத்தான் அந்த மட்டையை எழுதினார். ஐந்து தொடர்களும் மேலிருந்து கீழாக, அச்சடித்த மாதிரி எழுத்தில். கண்ணாடிக்குக் கீழே வைத்தார். "இனி இதில ஒண்டைத்தான் பாவிக்கவேணும்" என்றார். அடுத்த காலாண்டில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து அறிக்கைக்கு முன்பக்கமாக வைத்து அனுப்பினேன். மற்ற மாவட்டங்களும் இப்படியே எழுதினால் வசதி என்று கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அருளானந்தம் சேர் அதை வாசித்துவிட்டுக் கோப்பில் போடச் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மட்டையில் இல்லாத இரண்டு தொடர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்று, அட் திஸ் ஸ்டேஜ். இது அறிக்கைக்கு இல்லை, சனங்களுக்குப் பதில் எழுதுவதற்கு. இந்தக் கட்டத்தில் இயலாதுள்ளது என்று எழுதினால் இல்லை என்றும் ஆகாது, ஓம் என்றும் ஆகாது. வாசிக்கிறவர் ஒரு வருஷம் காத்திருப்பார். மற்றது கிறிற்றிக்கல் ஸ்டேஜ். ஒருமுறை ஒரு குளக்கட்டு ஆபத்தான நிலையில் இருப்பதாக அந்தச் சொல்லைப் போட்டு அனுப்பிவிட்டேன். வவுனியாவிலிருந்து மூன்று வாகனத்தில் அதிகாரிகள் வந்தார்கள். கட்டைப் பார்த்தார்கள், மத்தியானம் மீன்குழம்போடு சோறு சாப்பிட்டார்கள், போனார்கள். "கிறிற்றிக்கல் எண்டு ஆஸ்பத்திரிக்காரர் எழுதட்டும்" என்றார் சேர். அதன்பிறகு எங்கள் பகுதியில் எதுவும் ஆபத்தான கட்டத்தை அடையவில்லை.

ஒவ்வொரு காலாண்டும் அறிக்கையைக் கொண்டுபோனால் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "போனமுறை என்ன எழுதினீர்?"

அந்தக் கேள்விக்குள்தான் எங்கள் கந்தோரின் சட்டம் முழுவதும் இருந்தது. ஒரு வேலை இரண்டு காலாண்டுக்கு மேல் ஒரே ஸ்டேஜில் நின்றால் கொழும்பு விளக்கம் கேட்கும். விளக்கம் நாலு பக்கம், நாலு பிரதி. ஆகவே நிற்க விடக்கூடாது. பின்னுக்கும் போகக்கூடாது. ஒருமுறை, கொந்தராத்துக்காரர் அத்திவாரத்தை உடைத்துத் திரும்பக் கட்டியதால், முன்னேறிய கட்டத்தில் இருந்த வேலையை ஆரம்பக் கட்டம் என்று உண்மைப்படி எழுதினேன். "சாமான் களவு போட்டுதோ?" என்று கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. இல்லை என்று விளங்கப்படுத்த மூன்று கிழமை எடுத்தது. ஆகவே எல்லா வேலைகளும் முன்னுக்குத்தான் போயின. பைனல் ஸ்டேஜுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் எத்தனை வருஷம் நின்றாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இனி மதகுக்கு வருகிறேன்.

ஜெயபுரம் பூநகரிப் பக்கத்தில் உள்ள வயல்கிராமம். அங்கே பதினாலு குடும்பத்து வயல்களுக்குப் போகும் பாதையை ஒரு வாய்க்கால் குறுக்கே வெட்டிப் போகிறது. ஆட்களும் வண்டிகளும் கடக்க அதன் மேல் இருந்த மதகு ஒரு மாரி வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. புது மதகுக்கு மதிப்பீடு போட்டு, கொந்தராத்துக் கொடுத்து, மூன்று பெரிய கொங்கிறீற் குழாய்களும் லொறியில் போய் இறங்கின. குழாய் இறங்கிய காலாண்டில் நான் இனிஷியல் ஸ்டேஜ் என்று எழுதினேன். அதில் பிழை இல்லை.

பிறகு கொந்தராத்துக்காரர் வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பூநகரிப் பக்கத்தைப் பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தது. அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. ஜெயபுரத்தில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல யாருமில்லை. இரண்டு காலாண்டு முடிந்தது.

"போனமுறை என்ன எழுதினீர்?"

"இனிஷியல், சேர்."

"அதுக்கு முதல்?"

"அதுவும் இனிஷியல்."

அவர் அடிமட்டத்தை அந்த வரியிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தார். நான் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டுபோய் இன்ரமீடியற் என்று மாற்றினேன். அவர் மாற்றச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அரை வருஷத்தில் அட்வான்ஸ்ட். இன்னும் அரை வருஷத்தில் பைனல். ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டாமல் அந்த மதகு என் தட்டச்சில் மூன்று கட்டம் ஏறியது. நான் அந்த வாய்க்காலை ஒருநாளும் கண்டதில்லை.

இரண்டரை வருஷம் அது பைனல் ஸ்டேஜில் நிம்மதியாக இருந்தது. இடையில் ஜெயபுரத்திலிருந்து பரமேஸ்வரி என்ற பெண், மதகு எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் போட்டிருந்தார். தமிழில் பதில் எழுதவேண்டும். பைனல் ஸ்டேஜ் என்றால் இறுதிக் கட்டம். யுத்தத்தின் கடைசி மாதங்களுக்கு வன்னியில் அதுதான் பெயர்; அந்தச் சொல்லை ஒருவருக்கும் கடிதத்தில் எழுதி அனுப்ப எனக்குக் கை வராது. ஆகவே, வேலைகள் முடிவடையும் தறுவாயில் உள்ளன என்று மரியாதையாக எழுதி அனுப்பினேன்.

ஒரு கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸில் அவரே அந்தக் கடிதத்தோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். என் வயதுதான் இருக்கும். குடையில் மழைத்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கடிதம் மட்டும் பொலித்தீன் பையில் நனையாமல் இருந்தது.

"இதை நீங்களோ மிஸ் எழுதினது?"

"ஓம், இருங்கோ அக்கா."

"முடியிற தறுவாயில எண்டு இருக்கு. ஆர் வந்து செய்யினம் எண்டு கேக்கத்தான் வந்தனான். நாங்கள் விடிஞ்சா பொழுதுபட்டா அந்த வாய்க்காலடியிலதான் நிக்கிறம். ஒருத்தரையும் காணேல்லை. கண்டா ஒரு தேத்தண்ணியாவது குடுக்கலாமே."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அவருடைய ஊரில் அரசாங்கம் கடிதம் போட்டால் அதில் ஏதாவது இருக்கும் என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருந்தார்கள்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டு உதவியில் கிராமத்து மதகுகளைக் கட்டும் ஒரு திட்டம் வந்திருக்கிறது. ஜெயபுரத்து மதகின் பெயரையும் கிராம அலுவலரான விதானையார் அனுப்பினார். மாவட்டச் செயலகமான கச்சேரியில் அதை வெட்டிவிட்டார்கள். ஏற்கெனவே ஒரு கந்தோரின் கீழ் வேலை நடக்கிற எதையும் அந்தத் திட்டம் எடுக்காது. எங்கள் அறிக்கைப்படி வேலை நடப்பது மட்டுமல்ல, முடியவும் போகிறது. பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமை பூட்டுப்படும்.

"தொடங்கேல்லை எண்டு ஒரு துண்டு தந்தா சேப்பினமாம். அவ்வளவுதான் மிஸ்."

"இந்தமுறை இல்லாட்டி?"

"இல்லாட்டி வயலைக் குத்தகைக்குக் குடுத்திட்டு வவுனியாவுக்கு மகளிட்டைப் போறதுதான். வெட்டுமெசின் அந்தக் கரைக்குப் போகாது. கையால வெட்டி மூடை மூடையாத் தலையிலதான் கொண்டு வாறது. போன காலபோக அறுவடையில இவர் வாய்க்காலுக்குக் குறுக்க போட்ட பனங்குத்தியில மூடையோட சறுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சு போச்சு. இனி ஆர் தூக்கிறது? மகள் வரச்சொல்லி நிக்கிறா. இவர் இந்த மண்ணை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிக்கிறார். நான் இரண்டு பேருக்கும் நடுவில நிக்கிறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைவிட நல்ல சொல் தேட நான் விரும்பவில்லை. அந்த மனிதர் மூடையோடு விழுந்த மாதம் நான் எழுதியது பைனல் ஸ்டேஜ். கோப்பை எடுத்துத் திகதியைப் பார்த்தேன்.

அருளானந்தம் சேருக்கு ஓய்வுக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருந்தது. அவருடைய அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"போனமுறை என்ன எழுதினீர்?"

"பைனல், சேர்."

"பைப் வந்ததுதானே?"

"வந்தது சேர்."

"அப்ப தொடங்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு வந்த கோபத்தில் அரைவாசி அவர்மேல், அரைவாசி என்மேல். "சேர், ஒருக்காப் போய்ப் பாப்பமோ?" என்றேன். எத்தனையோ வருஷ சேவையில் நான் அவரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. அவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சநேரம் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாகனம் நாளையிண்டைக்குத்தான் இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை போனோம். மழை விட்டிருந்தது. மூன்று குழாய்களும் பாதையோரத்தில் இருந்தன. ஒன்றுக்குள் பரமேஸ்வரி அக்காவின் ஆடு குட்டியோடு படுத்திருந்தது. ஒன்றின் மேல் மிளகாய் காயப்போட்டிருந்தது. மூன்றாவதில் தும்பு அடைந்து, அதற்குள் ஒரு கோழி அடை கிடந்தது. எங்கள் வாகனத்தைக் கண்டதும் பரமேஸ்வரி அக்கா ஓடிவந்தார்.

"பைப்பை ஏத்திக்கொண்டு போகவோ வந்தனீங்கள்? கொஞ்சம் பொறுங்கோ, ஆட்டை அவிழ்க்கிறன். கோழிதான் இன்னும் ஒரு கிழமை இருக்கவேணும்."

"இல்லை அம்மா, பாக்கத்தான் வந்தனாங்கள்" என்றார் சேர்.

வாய்க்காலுக்குக் குறுக்கே இரண்டு பனங்குத்திகள் பக்கம்பக்கமாகக் கிடந்தன. தண்ணீர் அவற்றுக்கு ஒரு சாண் கீழே சிவப்பாக ஓடியது. அக்கரையில் நெல் பச்சையாக நின்றது. சேர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குத்தியில் ஏறினார். பாதிவழியில் நின்றார். முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. என்னவோ யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அவருக்குக் கால் நடுங்கியது. பரமேஸ்வரி அக்கா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வெறுங்கையோட வந்தா இப்பிடி" என்றார் அக்கா. "மூடை தலையில இருந்தா கீழ பாக்கேலாது. அப்ப பயமும் தெரியாது."

வீட்டு முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் அவருடைய கணவர் கந்தையா அண்ணை இருந்தார். இரண்டு ஊன்றுகோல்களும் பக்கத்தில் சாத்தியிருந்தன. எழும்ப முடியாததால் கையை மட்டும் தூக்கி வரவேற்றார்.

"வாங்கோ, வாங்கோ. வேலை முடியிற தறுவாயில எண்டு மனிசி கடிதம் வாசிச்சுக் காட்டினவ. நானும் இப்ப அந்த நிலைமைதான்."

அவர் சிரித்தார். சேர் சிரிக்கவில்லை. தேத்தண்ணி வந்தது. வருகிறவர்களுக்கு என்று சொல்லி வைத்திருந்த அதே தேத்தண்ணி, நாலு வருஷம் பிந்தி. சேர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கொண்டுபோயிருந்த கந்தோர்க் கோப்பை மடியில் விரித்து, கடைசி அறிக்கையை வாசித்தார். அடிமட்டம் இல்லாததால் விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு வாசித்தார்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான் சேர்."

"ஒப்பம் வைச்சது?"

"நீங்கள் சேர்."

இன்னொரு தடவை வாசித்தார்.

"இங்கிலிஷில ஒரு பிழையும் இல்லை" என்றார்.



வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது அவர் எனக்கு முன்னமே வந்திருந்தார். மெத்தையை எடுத்து வைக்க மறந்து வெறும் கதிரையில் இருந்தார். மேசையெல்லாம் கிழித்த தாள். நான் ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தேன். ஆரம்பக் கட்டத்துக்கு மீண்டது என்று ஒன்று. ஆயத்தக் கட்டத்தைக் கடக்கவில்லை என்று இன்னொன்று. தற்போதைய கட்டத்தில் மறுபரிசீலனை தேவை என்று மூன்றாவது. எல்லாம் பென்சிலில், எல்லாம் நல்ல ஆங்கிலம். அவற்றில் எதை அனுப்பினாலும் கச்சேரியில் வாசித்துவிட்டு, வேலை நடக்கிறதுதானே என்று பெயரை வெட்டிவிடுவார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கச்சேரியில் பன்னிரண்டு மணிவரைதான் எடுப்பார்கள்.

பத்தே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"பேனை ஒண்டு தாரும்."

என் பேனையைக் கொடுத்தேன். கந்தோர்க் கடிதத் தாளில், அவருடைய கையாலேயே எழுதினார். இரண்டே வசனம். வேலை தொடங்கவில்லை. எங்கள் முன்னைய அறிக்கைகள் பிழையானவை. அந்தக் கடிதத்தில் ஸ்டேஜ் என்ற சொல் எங்கேயும் இல்லை. ஒப்பம் வைத்து, திகதி போட்டு, முத்திரை குத்தினார்.

"சேர், அறிக்கை எழுதினது நான் எண்டும் போடுங்கோ" என்றேன்.

"நீர் எழுதினீர். நான் வாசிச்சனான். வாசிச்சிட்டு ஒப்பம் வைச்சவன்தான் பொறுப்பு."

"நீங்கள் மாத்தச் சொல்லேல்லை, சேர்."

"மாத்த வேண்டாம் எண்டும் சொல்லேல்லை. நேரம் போகுது, கொண்டுபோய்க் குடும்."

கச்சேரிக்கு முச்சக்கரவண்டியில் போனேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பமும் வாங்கினேன். வாசித்த உத்தியோகத்தர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். இன்னும் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார்.

கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டு மூன்று பக்கக் கடிதம் வந்தது. பதினொரு கேள்விகள். பதினொன்றுக்கும் சேர்த்து அதே இரண்டு வசனத்தைத்தான் சேர் திரும்ப எழுதினார். விசாரணையில் இருக்கிற ஆளுக்குப் பிரியாவிடை வைக்கும் வழக்கம் எங்கள் கந்தோரில் இல்லை. கடைசி நாள் மெத்தையைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தலையை ஆட்டிவிட்டு, வழமையான நேரத்துக்குப் போனார். ஒருவரும் எழும்பி வாசல்வரை போகவில்லை. நானும் போகவில்லை. பயம். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. இந்த நினைவு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. மட்டையை அவர் எடுத்துப்போகவில்லை. அது கண்ணாடிக்குக் கீழே அப்படியே கிடந்தது.

பதினாலு மாதம் கழித்து விசாரணை முடிந்து அவருக்கு ஒரு கடிதம் வந்ததையும், அதன் பிரதி எங்களுக்கு வந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேற்படி விடயத்தில் இந்தக் கட்டத்தில் நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று இருந்தது. அட் திஸ் ஸ்டேஜ்.

அந்த வருஷத்து நெல் தலையில்தான் வந்தது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது என்றதும், இன்னும் ஒரு காலபோகம் பார்ப்போம் என்று வவுனியாவிலிருந்து மருமகனைக் கூப்பிட்டு மூடை சுமக்க வைத்திருக்கிறார் பரமேஸ்வரி அக்கா. கோடையில் திட்டத்துக்காரர் வந்தார்கள். ஆட்டைக் கிளப்பி, எங்கள் மூன்று குழாய்களையும் அவர்களே எடுத்துப் போட்டார்கள். மதகு எங்களுடைய வாய்க்காலில் இருந்ததால், முடிந்ததும் எங்கள் கந்தோரும் ஒரு வரி எழுதிக் கோப்பை மூடவேண்டும். புதிதாக வந்த பொறியியலாளர், "போனமுறை மாதிரிப் போடுங்கோவன்" என்றார். நான் ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

மாசி மாதம். நெல் பழுத்து நின்றது. நான் போய் இறங்க, வெட்டுமெசின் மதகின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. பதினாலு குடும்பமும் கரையில் நின்று பார்த்தார்கள். மெசின் அக்கரையில் இறங்கிய பிறகு கந்தையா அண்ணை இரண்டு ஊன்றுகோலோடும் மெதுவாக நடந்து மதகின் நடுவுக்கு வந்தார். நின்று, ஒரு ஊன்றுகோலால் கொங்கிறீற்றைத் தட்டிப் பார்த்தார். பிறகு வயல் பக்கமாக நடந்து போனார். பரமேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, "தேத்தண்ணி வைக்கிறன், போயிடாதேங்கோ மிஸ்" என்றார்.

நான் மதகின் மேல் நின்றபடி அருளானந்தம் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் போன பிறகு நான் அவரோடு பேசியது அன்றைக்குத்தான்.

"சேர், ஜெயபுரத்து மதகு முடிஞ்சுது."

 போனமுறை என்ன எழுதினீர் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீர் பாத்தனீரோ?"

"ஓம் சேர். மதகுக்கு மேலதான் நிக்கிறன்."

"அப்ப எழுதும்" என்றார்.